வீட்டில் ஆளுக்கொரு இணைய விதி: ஸ்குவிட் பிராக்ஸி அமைப்பது எப்படி?

ஒரு வீட்டில் வைஃபை ஒன்றுதான் இருக்கும். அதைப் பயன்படுத்துகிறவர்களோ பல வயதினர். தொடக்கநிலை 5 படிக்கும் பிள்ளை, உயர்நிலை 3 படிக்கும் பிள்ளை, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அம்மா, மீவாட்சில் வசந்தம் தொடர் பார்க்கும் பாட்டி. ரௌட்டரில் யூடியூப்பைத் தடுத்தால் பாட்டியின் பக்திப் பாடலும் சேர்ந்து போய்விடும். தடையை எடுத்தால் பிள்ளைகளுக்கும் திறந்துவிடும். அதனால் பல வீடுகளில் தடை போட்டு ஒரே வாரத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு நல்ல வழி, சாதனத்தையோ முழு இணைப்பையோ பார்க்காமல் ஆளைப் பார்த்து விதி போடுவது. அதற்குத்தான் பிராக்ஸி. வீட்டுக் கணினிகள் நேராக இணையத்துக்குப் போகாமல் நடுவில் இருக்கும் ஒரு சிறு கணினியிடம் கேட்கும். அது 'நீ யார், எங்கே போகிறாய், மணி என்ன' என்று பார்த்துவிட்டு வழிவிடும், அல்லது மறுக்கும்.

சிங்கப்பூரில் இணையச் சேவை நிறுவனங்கள் பெற்றோருக்கென ஒரு வடிகட்டிச் சேவையை வழங்கியாக வேண்டும். ஆபாசத் தளங்கள் வராமல் இருந்தால் போதும் என்பவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் வேறுபடுத்த வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். கணினியில் தட்டும்போது எல்லாவற்றையும், கவின், நிலா போன்ற நீங்கள் வைக்கும் பெயர்களையும்கூட, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் பேனாவும் தாளும்

கணினியைத் தொடுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். யாருக்கு எது, எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு எழுதுவது முக்கியம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் தடை போட்டால், அதைத் தாண்டும் வழியை அன்று மாலையே தேடத் தொடங்கிவிடும். காரணம் சொல்லி, அதன் பங்கையும் கேட்டுப் போட்ட விதி நிற்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரு மாதிரி வீட்டை வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மாவுக்குத் தடை இல்லை. கவின் உயர்நிலை 3. வார நாள்களில் மாலை 4 மணி முதல் 7 வரை காணொளித் தளங்கள் கிடையாது, இரவு 10.30க்கு மேல் இணையம் கிடையாது. நிலா தொடக்கநிலை 5. அவளுக்கு ஒரு பட்டியலில் இருக்கும் தளங்கள் மட்டும், அதுவும் இரவு 9 வரை. பாட்டியின் டேப்லெட்டுக்குக் கடவுச்சொல் கேட்கக்கூடாது. பள்ளித் தளம் பிள்ளைகளுக்கு எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து கற்கும் நாளில் மாணவர் கற்றல் தளம் திறக்கவில்லை என்றால் மொத்த ஏற்பாட்டின் மீதும் வீட்டாருக்கு நம்பிக்கை போய்விடும்.

என்ன கணினி, எங்கே வைப்பது

பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதில் டெபியன் வகை லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் அதுவே போதும். இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையகலக் கணினி, 2 ஜிபி நினைவகம் உள்ளது, ஒரு குடும்பத்துக்குத் தாராளம். சிம் லிம் ஸ்குவேரில் தேடினால் பெட்டி, மின்னிணைப்பி, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து வாங்கலாம்.

ரௌட்டரோடு கேபிளில் இணையுங்கள், வைஃபை வேண்டாம். புதிய வீவக வீடுகளில் ரௌட்டரையும் மற்றப் பெட்டிகளையும் பாம் ஷெல்டருக்குள் வைத்துவிடுவது வழக்கம். அதன் தடித்த கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி வைஃபை சரியாக வராது. கேபிளில் இணைந்திருக்கும் பிராக்ஸி கணினி அங்கே இருந்தால் பரவாயில்லை, வைஃபை பரப்பும் ரௌட்டர் வெளியே இருக்கட்டும்.

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் இந்தக் கணினிக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம் நேரம். ராஸ்பெர்ரி பையில் நேர மண்டலம் நிறுவும்போதே மாற்றப்படாவிட்டால் லண்டன் நேரத்தில் இருக்கும். நம் விதிகளில் பாதி கடிகாரத்தை நம்பி இருப்பதால் முதலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/சிங்கப்பூர்' என்று கொடுத்துச் சரிசெய்யுங்கள். இதில் ஏசியாவின் முதல் எழுத்தும் சிங்கப்பூரின் முதல் எழுத்தும் பெரியவை. பை 4இல் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இணையத்திலிருந்துதான் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

நிறுவுதல், பயனர்களைச் சேர்த்தல்

டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், ஒரே வரி:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஸ்குவிட் அப்பாச்சி2-யூட்டில்ஸ்

ஸ்குவிட்தான் பிராக்ஸி. இரண்டாவது, கடவுச்சொல் கோப்பு உருவாக்க உதவும் 'எச்டிபாஸ்வேர்ட்' கருவிக்காக. அதன் பெயரைக் கணினியில் 'எச்டிபாஸ்டபிள்யூடி' என்று சுருக்கித் தட்ட வேண்டும். முதல் பயனரைச் சேர்க்க:

சூடோ எச்டிபாஸ்டபிள்யூடி -சி /ஈடிசி/ஸ்குவிட்/பாஸ்வேர்ட்ஸ் அப்பா

கடவுச்சொல்லை இருமுறை கேட்கும். அடுத்தவர்களைச் சேர்க்கும்போது அந்த '-சி' இருக்கவே கூடாது. 'புதிய கோப்பு உருவாக்கு' என்பது அதன் பொருள். மறுபடி கொடுத்தால் முன்பு சேர்த்தவர்கள் எல்லோரும் அழிந்துபோவார்கள். அதை எடுத்துவிட்டு அம்மா, கவின், நிலா என்று ஒவ்வொருவராகச் சேருங்கள். பிறகு கோப்பின் உரிமையை 'சிஎச்ஓன்' கட்டளையால் 'ரூட்:பிராக்ஸி' என்றும் அனுமதியை 'சிஎச்மாட்' கட்டளையால் 640 என்றும் மாற்றுங்கள். மற்றவர்கள் படிக்க முடியாது, ஸ்குவிட் மட்டும் படிக்கும்.

இந்தக் கடவுச்சொற்கள் வீட்டு வலையமைப்புக்குள் மறைக்கப்படாமல்தான் போகும். எனவே சிங்பாஸுக்கோ வங்கிக்கோ வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே வைக்காதீர்கள்.

மேலே போவதற்கு முன் ஒரு சோதனை. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சிறு நிரலைக் கையாலேயே ஓட்டிப் பார்க்கலாம்:

சூடோ /யூஎஸ்ஆர்/லிப்/ஸ்குவிட்/பேசிக்_என்சிஎஸ்ஏ_ஆத் /ஈடிசி/ஸ்குவிட்/பாஸ்வேர்ட்ஸ்

திரை காத்து நிற்கும். பயனர் பெயர், ஓர் இடைவெளி, கடவுச்சொல் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். 'ஓகே' என்று வந்தால் சரி. 'இஆர்ஆர்' என்று தொடங்கினால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. பின்னால் ஏதாவது ஓடவில்லை என்றால் கோளாறு கடவுச்சொல்லிலா விதியிலா என்று பிரித்தறிய இது உதவும்.

விதிக் கோப்பு

ஸ்குவிட்டின் முதன்மைக் கோப்பில் கை வைக்க வேண்டாம். டெபியன் வகை லினக்ஸில் '/ஈடிசி/ஸ்குவிட்/கான்ஃப்.டி' என்ற அடைவுக்குள் 'வீடு.கான்ஃப்' என்று ஒரு புதிய கோப்பை உருவாக்குங்கள். முதன்மைக் கோப்பு தன் இறுதித் தடைக்கு முன்னால் இதைத் தானாகவே படித்துக்கொள்ளும்.

கோப்பின் தலையில் கடவுச்சொல் பற்றிய வரிகள்:

ஆத்_பாரம் பேசிக் புரோகிராம் /யூஎஸ்ஆர்/லிப்/ஸ்குவிட்/பேசிக்_என்சிஎஸ்ஏ_ஆத் /ஈடிசி/ஸ்குவிட்/பாஸ்வேர்ட்ஸ்
ஆத்_பாரம் பேசிக் ரெல்ம் எங்கள் வீடு

அடுத்து 'ஏசிஎல்' வரிகள். இவை எதையும் தடுப்பதில்லை, அனுமதிப்பதும் இல்லை. பெயர் சூட்டுகின்றன, அவ்வளவுதான்.

ஏசிஎல் உள்ளே பிராக்ஸி_ஆத் ரிக்கொயர்ட்
ஏசிஎல் பெரியவர் பிராக்ஸி_ஆத் அப்பா அம்மா
ஏசிஎல் கவின் பிராக்ஸி_ஆத் கவின்
ஏசிஎல் நிலா பிராக்ஸி_ஆத் நிலா
ஏசிஎல் பாட்டி எஸ்ஆர்சி 192.168.1.40
ஏசிஎல் பள்ளி டிஎஸ்டிடொமைன் .எம்ஓஇ.ஈடியூ.எஸ்ஜி
ஏசிஎல் காணொளி டிஎஸ்டிடொமைன் .யூடியூப்.காம் .கூகுள்வீடியோ.காம் .டிக்டாக்.காம்
ஏசிஎல் நிலாதளம் டிஎஸ்டிடொமைன் "/ஈடிசி/ஸ்குவிட்/நிலா.டிஎக்ஸ்டி"
ஏசிஎல் படிப்பு டைம் எம்டிடபிள்யூஎச்எஃப் 16:00-19:00
ஏசிஎல் இரவு டைம் 22:30-23:59
ஏசிஎல் இரவு டைம் 00:00-06:00
ஏசிஎல் நிலாஇரவு டைம் 21:00-23:59
ஏசிஎல் நிலாஇரவு டைம் 00:00-06:00

'ரிக்கொயர்ட்' என்பதைப் பெரிய எழுத்தில் தட்டுங்கள். 192.168.1.40 என்பது பாட்டியின் டேப்லெட்டின் ஐபி முகவரி. நிலா.டிஎக்ஸ்டி கோப்பை நீங்களே உருவாக்கி, நிலாவுக்கு அனுமதிக்கும் தளங்களை வரிக்கு ஒன்றாக எழுதி வையுங்கள். தளப் பெயருக்கு முன் இருக்கும் புள்ளியை விடாதீர்கள். அந்தப் புள்ளிதான் அத்தளத்தின் கிளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. புள்ளியோடு எழுதிவிட்டு அதே தளத்தின் கிளையை மறுபடி எழுதினால் ஸ்குவிட் முறையிடும். யூடியூப்போடு கூகுள்வீடியோவையும் சேர்த்ததற்குக் காரணம், காணொளிகள் உண்மையில் அங்கிருந்துதான் வருகின்றன.

நாள்களுக்கான எழுத்துகள் பெரியவை, கொஞ்சம் விசித்திரமானவை. ஞாயிறு எஸ், திங்கள் எம், செவ்வாய் டி, புதன் டபிள்யூ, வியாழன் எச், வெள்ளி எஃப், சனி ஏ. நேரத்தில் தொடக்கம் முடிவைவிடச் சிறிய எண்ணாக இருக்க வேண்டும், அதனால்தான் நள்ளிரவைத் தாண்டும் தடையை இரண்டு வரிகளாக உடைத்திருக்கிறோம். வெள்ளி இரவு மட்டும் தளர்த்த நினைத்தால் கவனம்: நள்ளிரவு 12க்குப் பிறகு ஸ்குவிட்டுக்கு அது சனிக்கிழமை.

வரிசைதான் எல்லாம்

இப்போது உண்மையான அனுமதி வரிகள். இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள், புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

எச்டிடிபி_ஆக்சஸ் அலவ் பாட்டி
எச்டிடிபி_ஆக்சஸ் டினை !உள்ளே
எச்டிடிபி_ஆக்சஸ் அலவ் பள்ளி
எச்டிடிபி_ஆக்சஸ் அலவ் பெரியவர்
எச்டிடிபி_ஆக்சஸ் டினை கவின் இரவு
எச்டிடிபி_ஆக்சஸ் டினை கவின் படிப்பு காணொளி
எச்டிடிபி_ஆக்சஸ் அலவ் கவின்
எச்டிடிபி_ஆக்சஸ் டினை நிலா நிலாஇரவு
எச்டிடிபி_ஆக்சஸ் அலவ் நிலா நிலாதளம்
எச்டிடிபி_ஆக்சஸ் டினை ஆல்

ஸ்குவிட் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் வரியோடு முடிவெடுத்துவிடும், அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. ஒரே வரியில் பல பெயர்கள் இருந்தால் அத்தனையும் பொருந்த வேண்டும். 'கவின் படிப்பு காணொளி' என்றால் ஆள் கவினாக இருந்து, நேரம் படிப்பு நேரமாக இருந்து, தளமும் காணொளித் தளமாக இருந்தால் மட்டுமே மறுப்பு.

கவின் மாலை 5 மணிக்கு யூடியூப் கேட்கிறான் என்று வைத்துக்கொண்டு விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே வாருங்கள். பாட்டி இல்லை. கடவுச்சொல் கொடுத்துவிட்டான், எனவே இரண்டாவது வரி பொருந்தாது. பள்ளித் தளம் இல்லை. பெரியவர் இல்லை. இரவு இல்லை. ஆறாவது வரியில் மூன்றும் பொருந்துகின்றன, மறுப்பு. இப்போது 'அலவ் கவின்' என்ற வரியை இரண்டு வரி மேலே தூக்கி வைத்துப் பாருங்கள். அவனுக்கு எந்தத் தடையும் இல்லாமல் போகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. வரிசை பிழைத்தால் ஸ்குவிட் எச்சரிக்காது.

பாட்டி முதல் வரியில் இருப்பதற்கும் காரணம் உண்டு. கடவுச்சொல் கேட்கும் வரிக்குப் பின்னால் வைத்தால் அவரிடமும் கேட்கும். பள்ளித் தளத்தை இரவுத் தடைக்கு மேலே வைத்ததால் இரவு 11 மணிக்கு வீட்டுப்பாடம் சமர்ப்பிக்க முடியும்.

இன்னொரு நுணுக்கம், தெரியாவிட்டால் மணிக்கணக்கில் அலைய வைக்கும். மறுக்கும் வரியில் ஆள் பெயர் கடைசியாக வந்தால், 'வேறு ஆளாக இருந்தால் அனுமதிக்கலாமே' என்ற கணக்கில் ஸ்குவிட் மறுபடி மறுபடி கடவுச்சொல் பெட்டியைக் காட்டும். 'டினை இரவு கவின்' என்று எழுதினால் இந்தத் தொல்லை வரும். 'டினை கவின் இரவு' என்று ஆளை முன்னால் வைத்தால் நேராக மறுத்துவிடும். இரண்டாவது வரியில் மட்டும் கடவுச்சொல் பெட்டி வர வேண்டும் என்றே வைத்திருக்கிறோம்.

எழுதி முடித்ததும் 'சூடோ ஸ்குவிட் -கே பார்ஸ்' என்று கொடுத்தால் எழுத்துப் பிழைகளைக் காட்டும். சரியாக இருந்தால் 'சூடோ ஸ்குவிட் -கே ரீகன்ஃபிகர்'. அவ்வளவுதான், நடைமுறைக்கு வந்துவிடும்.

சாதனங்களில் அமைப்பது

விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் பிராக்ஸி என்ற பகுதி இருக்கும். முகவரி 192.168.1.10, போர்ட் (இணைப்பு வாசலின் எண்) 3128. குரோம் அதையே எடுத்துக்கொள்ளும், ஃபயர்ஃபாக்ஸுக்குள் தனி அமைப்பும் உண்டு. வரவேற்பறையில் எல்லோரும் ஒரே கணினியைப் பயன்படுத்தினால் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வையுங்கள். இல்லையென்றால் அம்மாவின் கடவுச்சொல் உலாவியில் சேமிக்கப்பட்டு நிலாவுக்கும் பயன்படும்.

ஐபேடில் வைஃபை பெயரின் பக்கத்தில் இருக்கும் தகவல் குறியைத் தொட்டால் கீழே பிராக்ஸி அமைப்பு வரும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அங்கேயே கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் அந்தப் பெட்டிகள் இல்லை. பல செயலிகள் பிராக்ஸியின் கடவுச்சொல் கேள்விக்குப் பதில் சொல்வதும் இல்லை. அதனால் கைபேசி, தொலைக்காட்சி, விளையாட்டுக் கருவி போன்றவற்றுக்குப் பாட்டிக்குச் செய்ததைப் போல ஐபி முகவரியை வைத்து விதி எழுதுவதே நல்லது. அதற்கு ரௌட்டரில் அந்தச் சாதனத்துக்கு மாறாத முகவரி ஒதுக்க வேண்டும். இப்போதைய கைபேசிகள் வைஃபையில் தங்கள் உண்மையான மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்ணை) காட்டாமல் போலி முகவரியைக் காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனம் தனிக் கதை. உயர்நிலை மாணவர்கள் அனைவரிடமும் இப்போது அது இருக்கிறது, அதில் பள்ளியின் நிர்வாக மென்பொருளும் இருக்கும். பள்ளி நேரத்துக்குப் பிறகு அது எப்படி இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப் பெற்றோருக்கு வழி உண்டு. முதலில் அதைப் பயன்படுத்துங்கள். அந்தச் சாதனத்தை நம் பிராக்ஸிக்குள் இழுத்து மோதவிட வேண்டாம் என்பது என் கருத்து.

நேர்வழியை மூடுவது

இதுவரை செய்தது, பிராக்ஸி வழியே வருகிறவர்களுக்கு. அமைப்புகளுக்குப் போய் பிராக்ஸியை அணைத்தால் பிள்ளை நேராக வெளியே போய்விடும். எனவே ரௌட்டரின் ஃபயர்வால் பகுதியில், பிள்ளைகள் தொடும் கணினிகளின் முகவரிகளிலிருந்து வெளியே போகும் 80, 443 போர்ட்டுகளை மூடுங்கள். 443ஐ டிசிபி, யூடிபி என்ற இரு தரவுப் பரிமாற்ற முறைகளிலும் மூட வேண்டும், ஏனென்றால் புதிய உலாவிகள் யூடிபி வழியாகவும் போகும். தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலிகள் வேறு போர்ட்டுகளையும் தேடும். பிள்ளைகளின் கணினிகளுக்கு வெளியே போகும் எல்லாவற்றையும் மூடிவிட்டு பிராக்ஸி மட்டும் போதும் என்று விடுவது இன்னும் உறுதியானது.

இதற்கு நேர் எதிரான ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: 3128 போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறந்துவிடுவது. திறந்த பிராக்ஸியைத் தேடித் திரிகிறவர்கள் விரைவில் கண்டுபிடித்து உங்கள் வீட்டு முகவரியில் தங்கள் வேலையைச் செய்வார்கள்.

கைபேசியின் சிம் டேட்டாவுக்கும் வெளியே கிடைக்கும் பொது வைஃபைக்கும் இந்த விதிகள் செல்லாது. அங்கே நீங்கள் முதலில் பேசி எழுதிய அந்தத் தாள்தான் துணை.

பதிவேட்டைப் படிப்பது

'சூடோ டெயில் -எஃப் /வார்/லாக்/ஸ்குவிட்/ஆக்சஸ்.லாக்' என்று கொடுத்துவிட்டு நிலாவின் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். வரிகள் ஓடும். 'டிசிபி_டினைட்/407' என்றால் கடவுச்சொல் கேட்கப்பட்டது, தொடக்கத்தில் இது வருவது இயல்பு. 'டிசிபி_டினைட்/403' என்றால் விதி மறுத்தது. 'டிசிபி_டனல்/200' என்றால் வழிவிடப்பட்டது. வரியின் பின்பகுதியில் தளமும் அதையடுத்து ஆளின் பெயரும் இருக்கும்.

நிலாவின் பட்டியலைச் சீராக்க இதுதான் வழி. விக்கிப்பீடியாவை மட்டும் அனுமதித்தால் எழுத்து வரும், படம் வராது. பதிவேட்டைப் பார்த்தால் விக்கிமீடியா என்ற பெயரில் 403 வரிசையாக நிற்கும். அதையும் பட்டியலில் சேர்த்தால் சரியாகிவிடும். தேசிய நூலக வாரியத் தளம், தமிழ் முரசு, கூகுள் உள்நுழைவுக்கு வேண்டியவை என்று முதல் வாரம் முழுக்க இப்படிச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அந்த வாரம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

இரண்டு வரம்புகள் உண்டு. பாதுகாப்பான தளங்களில் ஸ்குவிட்டுக்குத் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும்; எந்தப் பக்கம், எந்தக் காணொளி என்று தெரியாது. எனவே யூடியூப்பில் ஒரு சேனலை மட்டும் தடுக்க முடியாது. அந்தப் பூட்டைப் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது; வங்கியும் சிங்பாஸும் போகும் பாதையில் அதைச் செய்ய வேண்டாம். இரண்டாவது, நேர விதி புதிய இணைப்புகளையே தடுக்கும். 10.29க்குத் திறந்த இணைப்பு 10.30க்கு அறுந்துவிடாது. உறுதியாக அறுக்க வேண்டுமானால் அந்த நேரத்தில் ஸ்குவிட்டை மறுதொடக்கம் செய்ய ஒரு கிரான் வரி (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) எழுதலாம். அப்பாவின் இணைப்பும் சிறிது நேரம் அறுபடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பதிவேட்டில் யார் எங்கே போனார்கள் என்பது அப்படியே இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அதைச் சொல்லுங்கள். இல்லப் பணிப்பெண்ணின் கைபேசியும் இதே வழியாகப் போனால், அவர் தன் ஊரோடு பேசுவதும் பார்ப்பதும் நம் பார்வைக்கு வரக்கூடாது. அந்த முகவரிக்கு ஓர் ஏசிஎல் பெயர் வைத்து, கோப்பில் 'ஆக்சஸ்_லாக் நன்' என்பதோடு அந்தப் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டால் அவருடைய வரிகள் பதிவாகாது. அதன் கீழே மற்றவர்களுக்கான வழக்கமான வரியையும் எழுதுங்கள்:

ஆக்சஸ்_லாக் டீமன்:/வார்/லாக்/ஸ்குவிட்/ஆக்சஸ்.லாக் ஸ்குவிட்

எல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியதும் வீடு.கான்ஃப், பாஸ்வேர்ட்ஸ், நிலா.டிஎக்ஸ்டி ஆகிய மூன்று கோப்புகளையும் ஒரு தம்ப்டிரைவில் படியெடுத்து வையுங்கள். மெமரி கார்டு ஒருநாள் கெட்டுப்போகும். இவை இருந்தால் புதிய கார்டில் ஸ்குவிட்டை நிறுவி, மூன்றையும் அதே இடங்களில் போட்டு, கடவுச்சொல் கோப்புக்கு அதே உரிமையையும் அனுமதியையும் கொடுத்தால் போதும். டிசம்பர் விடுமுறைக்கு 'படிப்பு' விதியை நிறுத்த, அது வரும் எச்டிடிபி_ஆக்சஸ் வரியின் முன்னால் ஒரு # குறி போட்டு ரீகன்ஃபிகர் கொடுங்கள். ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முன்தினம் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.